புகைந்துபோன பதினோரு தாள்கள்

பதினாறு வருடமாக மாவு மில் ஓட்டுகிறேன். அதனால் எனக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் பாதிக் கதைகள்தான். எஞ்சின் ஓடும்போது ஒன்றும் காதில் விழாது. அது நிற்கும்போது கவனித்தால், கதையில் ஒரு பெண் மூட்டையோடு ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருப்பாள். ஏன் நிற்கிறாள், யார் விரட்டினார்கள், எதுவும் தெரியாது. கேட்டால், "நீங்க மாவைப் பாருங்க, சஹ்விரா" என்று பெண்கள் சிரிப்பார்கள். அடுத்த வாளிச் சோளத்தைக் கொட்டி எஞ்சினை முடுக்கினால், அவள் ஆற்றைத் தாண்டினாளா என்பதும் எனக்கு இல்லாமல் போய்விடும்.

ரேவாய் அம்மாவின் கதை ஒன்றையாவது முழுதாகத் தெரிந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். போன மாதத்தோடு அந்த நினைப்பும் போயிற்று.

அவள் என் சிநேகிதன் ஜைரோசியின் மனைவி. பிகிதா பக்கத்திலிருந்து மருமகளாக வந்தவள். வந்த அன்று அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்த மாமியார், துணிகளுக்கு அடியில் அட்டை இல்லாத ஒரு புத்தகத்தைக் கண்டு, பைபிள் என்று நினைத்து மரியாதையாக மூடி வைத்தாளாம். அது பைபிள் இல்லை, எங்கள் ஷோனா மொழியில் ஒரு நாவல். போர்க்காலத்தில் அவர்கள் ஊரையே முள்வேலி முகாமுக்குள் அடைத்து வைத்திருந்தபோது, அந்த ஒரு புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவள். "முதல் தடவை எழுத்துதான் தெரிஞ்சுது. மூணாவது தடவைதான் ஆளுங்க தெரிஞ்சாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

ஜைரோசி குடும்பத்துக்கு நான் சஹ்விரா, சடங்குத் தோழன். என் அப்பா அவன் அப்பாவுக்கு. சாவு வீட்டில் எல்லாரும் அழும்போது சிரிக்க வைப்பது, செத்தவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு அவனைப் போலவே இருமிக் காட்டுவது, சொந்தக்காரன் சொன்னால் வெட்டுக்குத்தில் முடிகிற வார்த்தையை நடுவீட்டில் நின்று சொல்வது, எல்லாம் என் வேலை. நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. பீர் ஊற்றித்தான் கொடுக்க வேண்டும். ஊரில் இப்படி ஒரு வேலை இருக்கும்போது யாருக்காவது சொந்தப் பெயர் நிலைக்குமா. சின்னப்பிள்ளைகள் கூட என்னைச் சஹ்விரா என்றுதான் கூப்பிடுகின்றன.

மில்லுக்கு ஐந்து ஊர்ப் பெண்கள் வருவார்கள். வியாழக்கிழமை கூட்டம் அதிகம். வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு முஹாச்சா மரத்தடியில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் ஊர்வம்பு பேசினார்கள். ரேவாய் அம்மா கையில் புத்தகத்தோடு வர ஆரம்பித்தபின் வம்பு குறைந்தது. பள்ளிக்கூடத்தில் பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பழைய ஷோனா நாவல்களை மூலையில் குவித்துவிடுவார்கள். அவள் போய்க் கேட்டு வாங்கி வருவாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். குரல் ஒன்றும் பெரிய இனிமை இல்லை. ஆனால் யார் பேசுகிறார்களோ அவர்கள் மாதிரியே பேசுவாள். கெட்டவன் பேசும்போது பெண்கள் காறித் துப்புவார்கள், என் வாசலிலேயே.

கதை கேட்டவர்கள் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. ஒருத்தி, நகரத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட புருஷனைத் தேடிப் பஸ் ஏறிப்போய்க் கதவைத் தட்டுகிற கதையைக் கேட்டுவிட்டு அப்படியே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளுடைய மாவு மூன்று நாள் என் மில்லில் கிடந்தது. இன்னொருத்தி ஊர்த்தலைவர் சபையில், மைத்துனன் தனக்காகப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, "அவர் சொல்றது அவர் விஷயம். என் விஷயத்தை நான் சொல்றேன்" என்றாள். என் மனைவியும் மாறினாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நாள் களிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நீங்க ஏன் சாயங்காலமானா கோவமா இருக்கீங்க, சொல்லுங்க" என்று கேட்டாள். நான் யோசித்தேன். பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அதிலிருந்து சாயங்காலம் வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜைரோசி புத்தகம் படிக்கிறவன் இல்லை, புகைக்கிறவன். செய்தித்தாளில் சுருட்டினால் மை வாடை அடிக்கும், பைபிள் தாள் மெல்லிசு ஆனால் பாவம், கதைப்புத்தகத் தாள்தான் புகையிலைக்கு என்று செய்தது என்பான். மில் சுவரோரம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எத்தனை பக்கங்களை ஊதித் தள்ளியிருப்போம் என்று கணக்கில்லை. ரேவாய் அம்மா படித்து முடித்துக் கந்தலான புத்தகம்தானே, போகட்டும் என்று நானும் வாங்கிக்கொள்வேன். பற்ற வைக்கும் முன் இரண்டு வரி கண்ணில் படும். அவ்வளவுதான் என் படிப்பு.

அவன் போன வருடக் குளிர்காலத்தில் செத்தான். இருமி இருமியே போனான். அடக்கத்தன்று அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நான் இருமிக் காட்டியபோது, சிரிக்கத் தொடங்கிய ரேவாய் அம்மா நடுவில் நிறுத்தி முகத்தை மூடிக்கொண்டாள். சஹ்விரா அழக்கூடாது, அதனால் இன்னும் பலமாக இருமினேன்.

வருடம் திரும்பியதும் அவன் ஆவியை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் சடங்கை ஒரு சனிக்கிழமைக்கு வைத்தார்கள். கேழ்வரகு ஊறப்போட்டாயிற்று, பீர் நுரைக்க ஏழு நாள். அதோடு இன்னொன்றும் அன்றைக்கே. செத்தவனின் கைத்தடியை அவன் மனைவி கையில் கொடுப்பார்கள். புருஷன் வழி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் யார் முன்னால் போய் மண்டியிட்டுத் தடியைக் கொடுக்கிறாளோ, அந்த வீட்டின் பொறுப்பு அவருக்கு. கொழுந்தனிடம் கொடுத்தால் அவனுக்கு மனைவி. மகனிடம் கொடுத்தால் மகன் வீட்டில் அம்மாவாக இருந்துகொள்ளலாம். ரேவாய் அம்மாவுக்கு மகன் இல்லை. மூத்தவள் ரேவாயை மஸ்விங்கோவில் கட்டிக்கொடுத்தாயிற்று, இளையவள் ஷுவாய் ஏழாம் வகுப்பு. யாரிடமும் கொடுக்காவிட்டால் பிறந்த ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வீடும் நிலமும் போகும். ஷுவாயும் போவாள், பிள்ளைகள் அப்பாவின் குலத்துக்குச் சொந்தம்.

மில்லின் பெல்ட் அறுந்து எஞ்சின் நின்றிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். வாளி இல்லாமல் வந்ததால் விஷயம் பெரிது என்று தெரிந்தது. கைதட்டி வணக்கம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஷாத்ரெக் நேத்து தன் ஆடுங்களை என் பட்டியில கொண்டாந்து அடைச்சுட்டார்" என்றாள்.

ஷாத்ரெக் ஜைரோசியின் தம்பி. ஏற்கெனவே இரண்டு மனைவிகள், இருவருக்கும் ஒரே சட்டி.

"எதுக்காம்?"

"அண்ணி, சனிக்கிழமைக்கு அப்புறம் கொண்டுவர்றதுக்கு இப்பவே கொண்டு வந்துட்டேன்னார். ஷுவாயைத் தன் பெரிய பொண்டாட்டி வீட்டுல விட்டுடலாம், ஆடு மேய்க்க ஆள் இல்லைன்னு வேற சொல்றார். அதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, சஹ்விரா."

"எமெரினாகிட்ட கொடுத்துடும்மா தடியை. உன் நாத்தனாரும் அந்தக் குலம்தானே. வரிசையில உக்காரத்தானே போகுது" என்றேன். அப்படிக் கொடுத்தால், நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன், ஆனால் எனக்கு ஆண் வேண்டாம் என்று அர்த்தம். பெரியவர்களும் மறுக்க முடியாது.

"போய்க் கேட்டேன். என் கைக்கு அது வந்தா கீழ போட்டுடுவேன்னுட்டாங்க. தம்பி உயிரோட இருக்கறப்ப ஊர் என்னைத்தான் ஏசும்னாங்க."

தடி தரையில் விழுந்தால் அதற்குமேல் அவமானம் கிடையாது. அப்புறம் ஷாத்ரெக்தான், இல்லையென்றால் பிகிதா பஸ்தான். பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துல வாங்கிட்டு வந்த ஒரு நாவல்ல, புருஷன் செத்த ஒருத்தியும் இப்படித்தான் நிப்பா" என்றாள். "தடியைத் தூக்கிட்டு நடந்தாள்னு இருக்கும். அதோட பக்கம் முடிஞ்சுது. மிச்சம் பதினோரு தாள் இல்லை. நீங்களும் அவரும் புகைச்சதுல உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருத்தி என்ன செய்தாள் என்று இன்னொருத்திக்குத் தெரிய வேண்டியிருக்கிறது, அதை நான் மூக்கு வழியாக வெளியே விட்டிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"ஒரு கோழி வரும்மா" என்றேன்.

"கோழியா?"

"கடைசித் தாள்ல ஒரு கோழி இருந்துச்சு. கோழி என்ன பண்ணிச்சுன்னு தெரியலை. பத்த வெச்சுட்டேன்."

அவள் என்னை ஏதோ மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கே முபந்தவானா பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினேன்: அந்த நாவலின் பெயரைச் சொல்லி மஸ்விங்கோவில் பழைய புத்தகக்காரர்கள் எல்லாரிடமும் கேள், அட்டை எந்த நிறமாக இருந்தாலும் சரி, கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, சனிக்கிழமைக்குள் வேண்டும்.

அடுத்த நாளே ஊரெல்லாம் இதே பேச்சு. ரேவாய் அம்மா போகிற இடமெல்லாம் கேட்டிருக்கிறாள், அந்தக் கதை எப்படி முடிகிறது என்று. க்வென்ஸி வாத்தியார் ஒன்பது வருடம் அந்த நாவலை நடத்தியவர். அவரிடம் நானே ஓடினேன்.

"கடைசி அத்தியாயத்துல இருந்து பரீட்சையில கேள்வியே வராது, சஹ்விரா" என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "அதனால நான் அதை நடத்தினதில்ல."

"நடத்த வேணாம், நீங்க படிச்சீங்களா?"

"நடத்தாததை எதுக்குப் படிக்கணும்?"

கடைக்காரி சொன்னாள், சின்ன மகன் கையில் கொடுத்தாள் என்று. கதையில் அவளுக்கு மகனே இல்லையே என்றதற்கு, "அப்போ அது வேற புத்தகம்" என்று உப்பை அளக்கப் போய்விட்டாள். வெள்ளை அங்கி போட்டு மலையடிவாரத்தில் ஜெபம் செய்கிற பெண்களில் ஒருத்தி, தடியை முறித்து அடுப்பில் வைத்துக் களி கிண்டினாள் என்று சத்தியம் செய்தாள். என் மனைவியோ, அவள் ஹராரேக்குப் போய்த் தையல் மிஷின் வைத்துக்கொண்டாள் என்றாள்.

"அது புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டேன்.

"நான் போயிருந்தா அதான் பண்ணியிருப்பேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இத்தனை பேரும் ஒரே புத்தகத்தைத்தான் சொல்கிறார்களா, அல்லது ஆளுக்கொரு புத்தகத்தை எனக்குத் தெரியாமல் அரைத்துக்கொண்டு போயிருக்கிறார்களா.

வியாழக்கிழமை மரத்தடியில் நாற்பது பேர் இருந்தார்கள். ரேவாய் அம்மா அந்த நாவலின் இருக்கிற பக்கங்களைப் படித்து முடித்து மூடினாள். உடனே சண்டை ஆரம்பித்தது. அப்போதுதான் எமெரினா தலையில் வாளியோடு வந்தாள். ஊருக்கெல்லாம் அத்தை அவள். கோபம் வந்தால் மாட்டு வண்டிக்காரனும் ஒதுங்கிப் போவான். படிக்கத் தெரியாது, கதை கேட்கவும் வரமாட்டாள், மில்லுக்கு மாவுக்காக மட்டும் வருகிறவள். அவள் வாளியைத்தான் அடுத்துக் கொட்டப் போனேன்.

"சஹ்விரா, கொஞ்சம் எஞ்சினை நிறுத்துங்க" என்றாள் ரேவாய் அம்மா.

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. டீசல் வீணாகிறதே என்ற எரிச்சலோடு நிறுத்தினேன்.

"அத்தை, நீங்க சொல்லுங்க. ஒரு கதை. ஒருத்தி, புருஷன் செத்துட்டான். கையில தடி. எதிர்ல கொழுந்தன்."

"எப்படிப்பட்டவன் அவன்?" என்றாள் எமெரினா, வாளியை இறக்கிக்கொண்டே.

"ஏற்கெனவே ரெண்டு பேரைக் கட்டி ரெண்டு பேரையும் பட்டினி போடறவன். அண்ணன் செத்த மறுநாளே அவன் ஏரைத் தூக்கிட்டுப் போனவன். அண்ணன் மகளைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தப் பாக்கறவன்."

"தூ. அவனுக்கு நாத்தனார்... அவளுக்கு நாத்தனார் யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அதே வரிசையிலதான் உக்காந்திருக்காங்க."

"அப்புறம் என்ன? அவகிட்டதான் கொடுத்திருப்பா. இதுக்கு நாற்பது பேர் உக்காந்து கத்தணுமா?"

"அவங்க வாங்காம கீழ போட்டுட்டா?"

எமெரினாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "எப்படிப் போடுவா? இருபது வருஷம் ஒரே சட்டியில களி தின்னிருக்கா. அவ அம்மாவுக்கு இவதான் கடைசிவரைக்கும் கால் கழுவியிருப்பா. போடறவ கையில புழுதான் விழும். எழுதினவன் அப்படி எழுதியிருந்தா அவனை இங்க கூட்டிட்டு வா."

யாரோ ஒருத்தி இருமினாள். எமெரினா சுற்றிலும் பார்த்து, "என்ன எல்லாரும் என்னைப் பாக்கறீங்க? என் சோளத்தை அரைடா" என்றாள். நான் எஞ்சினை முடுக்கினேன். இந்தக் கிழவி இத்தனை நியாயம் பேசுகிறாளே, சொந்த வீட்டில் பேசவில்லையே என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புத்தகம் வெள்ளிக்கிழமையும் வரவில்லை. பஸ் வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டதாம்.

சனிக்கிழமை வெயில் ஏறியதும் முற்றத்தில் பாய் விரித்தார்கள். நான் ஜைரோசியின் கோட்டைப் போட்டுக்கொண்டு புகையிலை பிச்சை கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தேன். வரிசையில் முதலில் ஷாத்ரெக், புதுச் சட்டை. அடுத்து சித்தப்பா மகன் ஒருவன், கடைசியில் எமெரினா. பெரியவர் தடியை ரேவாய் அம்மா கையில் கொடுத்தார்.

அவள் எழுந்து நின்றாள். நின்றபடியே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பட்டியில் ஷாத்ரெக்கின் ஆடு இரண்டு தடவை கத்தியது. பிறகு நடந்தாள். நேராக என்னைப் பார்த்து வந்தாள். செத்தவன் கோட்டு என் உடம்பில் இருக்கிறது, குழம்பிப்போய் என்னிடமே கொடுத்துவிடப் போகிறாளா, என் மனைவி அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ரேவாய் அம்மா என்னைத் தாண்டிப் போனாள். ஷாத்ரெக் இரண்டு கையையும் நீட்டினான். அவனையும் தாண்டினாள். எமெரினாவின் முன்னால் மண்டியிட்டுத் தடியை நீட்டினாள்.

எமெரினா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னம்மா இது. அன்னிக்குச் சொல்லலை உன்கிட்ட?" என்றாள் மெல்ல.

"வியாழக்கிழமை வேற சொன்னீங்களே, அத்தை."

"அது கதைக்குச் சொன்னேன்."

"நானும் கதைக்குத்தான் கேட்டேன். கை வலிக்குது, வாங்கிக்குங்க."

பெண்கள் பக்கத்தில் நாற்பது பேரும் எமெரினாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எமெரினா அவர்களைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், புழு விழுந்திருக்கிறதா என்பது போல. பிறகு தடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஷாத்ரெக், உன் ஆட்டை ஓட்டிட்டுப் போ. ஷுவாய்க்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள்.

குலவைச் சத்தம் மலைவரைக்கும் போயிற்று. ஷாத்ரெக் பீர்ப் பானையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இது செல்லுமா, சஹ்விரா?" என்று கேட்டான். செல்லும் என்றேன். "யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு?" என்றான். கோழி என்று சொல்லியிருப்பேன்; அவனுக்கு அது புரிந்திருக்காது.

புத்தகம் திங்கட்கிழமை வந்தது. எல்லாத் தாள்களும் இருந்தன. வாளிகளைக் காக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கதையில் அவள் தடியைக் கொண்டுபோய்க் கொழுந்தனிடம் கொடுக்கிறாள். அழுகிறாள், பிறகு தெளிகிறாள். அவன் திருந்திவிடுகிறான். அடங்கி நடக்கிற பெண்ணால்தான் வீடு நிற்கிறது என்று எழுதியவர் இரண்டு பக்கத்துக்கு உபதேசம் செய்கிறார். கோழியும் இருந்தது. அவனுக்கு அடித்துக் குழம்பு வைக்கிறாள்.

இது ரேவாய் அம்மா கண்ணில் பட்டால் என்ன ஆகும்? தான் செய்தது தப்போ என்று நினைத்துவிட்டால்? ஆனால் கண்டக்டர் வாயை யார் மூடுவது, புத்தகம் வந்தது ஊருக்கே தெரியும். ஜைரோசியின் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பட்டியில் ஆடுகள் இல்லை.

"புத்தகம் வந்துச்சாமே" என்றாள்.

"வந்துச்சும்மா. நீ செஞ்ச மாதிரியேதான் இருக்கு. நாத்தனார்கிட்டதான் கொடுக்கறா."

"கோழி?"

"ஆங்?"

"கோழி ஒண்ணு வரும்னீங்களே."

"நாத்தனாருக்கு அடிச்சுக் குழம்பு வெக்கறா" என்றேன்.

அவள் கடலையை முறத்தில் போட்டுவிட்டுச் சிரித்தாள். ஒரு வருடமாக அவளிடமிருந்து கேட்காத சிரிப்பு. "கொழுந்தனுக்கு, சஹ்விரா. கறுப்புக் கோழி. தொடை ரெண்டையும் அவனுக்கு வெச்சுட்டுக் கழுத்தை அவ தின்னா."

அவளே சொன்னாள்.

"நான்தான் கிழிச்சேன். நாலு வருஷம் முன்னாடி அடுப்பு பக்கத்துல உக்காந்து படிச்சு முடிச்சேன். களி தீஞ்சுபோச்சு, அவ்வளவு கோவம் எனக்கு. அத்தனை பக்கம் அவளைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டு, கடைசியில கொண்டுபோய் அவன்கிட்ட விட்டுட்டாரே எழுதின மனுஷன்னு. பதினோரு தாளையும் கிழிச்சு ரேவாய் அப்பாகிட்ட, இந்தாங்க, புகைங்கன்னு கொடுத்தேன். நல்ல தாள்னு சந்தோஷமா வாங்கிக்கிட்டார்."

"அப்புறம் ஏன் ஊர் பூரா கேட்ட? என்னைக் கேட்ட? நான் மூணு நாள் தூங்கலை."

"எழுதினவர் எப்படி முடிச்சார்னுதான் எனக்குத் தெரியும். வேற எப்படி முடிக்கிறதுன்னு தெரியலையே. எனக்கு என்ன பண்ணலாம்னு கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க, ஷாத்ரெக் காதுக்குப் போயிடும். அவ என்ன பண்ணினான்னு கேட்டேன். எல்லாரும் சொன்னாங்க."

"எமெரினா அப்படிச் சொல்லும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லலைன்னா என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியாது. எழுந்து நின்னப்பக் கூட உங்க முதுகுப் பக்கம் ஓடிப்போயிடலாமான்னுதான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் புகைத்துவிட்டேன் என்று தவித்தது எல்லாம் வீணா? ஆனால் அவளைப் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் நிற்கவில்லை. ஜைரோசி இருந்திருந்தால் இந்த விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்து இருமியிருப்பான். புத்தகத்தைக் கோட்டிலிருந்து எடுத்தேன்.

"அப்போ இந்தக் கடைசித் தாளுங்களையும் கிழிச்சுடட்டுமா? நல்ல தாள்தான்."

வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "தொடாதீங்க. வர்ற வியாழக்கிழமை இதைக் கடைசிவரைக்கும் படிக்கப் போறேன். அத்தையும் வர்றாங்க. அவங்க இந்த எழுத்தாளரைத் திட்டறதை நான் காதால கேக்கணும். நீங்க எஞ்சினை மட்டும் நிறுத்திடுங்க."

தெருவுக்கு வந்து கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். புகையிலை இருந்தது, ஜைரோசி வைத்தது. சுருட்டத்தான் தாள் இல்லை.